செவ்வாய், வியாழன், சனி

கடந்த ஆவணி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், டயாலிசிஸ் தொடங்கி மூன்றாவது மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தபோது, என் இடது கெண்டைக்கால் தேங்காய்நார்க் கயிற்றைத் திரிப்பது போல முறுக்கிக்கொண்டது. வலி பொறுக்காமல் சிஸ்டரைக் கூப்பிட வாயெடுப்பதற்குள் காது அடைத்தது. மேலே சுழன்ற மின்விசிறி மங்கி, பிறகு காணாமலே போனது. இரத்த அழுத்தம் 70க்கு இறங்கிவிட்டதாகவும், படுக்கையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, இயந்திரம் என் உடலிலிருந்து நீர் எடுப்பதை நிறுத்தி, சலைனைத் திறந்துவிட்ட பிறகே நான் கண் விழித்ததாகவும் பின்னர் சொன்னார்கள். அந்த இரண்டு மாதங்களில் அப்படி நேர்ந்தது அது ஒன்பதாவது முறை. வீட்டுக்கு வந்து மாலை வரை அசைவற்றுக் கிடந்தேன். விளக்கேற்றும் நேரத்தில் திண்ணைக்கு வந்து, என் கணவரிடம், "எனக்குப் போதும்ங்க. நிப்பாட்டிருவோம்" என்று சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

நிறுத்தலாமா, தொடரலாமா என்று நான் யோசித்த கடந்த மூன்று மாதங்களைப் பற்றி எழுத வேண்டுமென்று தோன்றுகிறது. இதைப் பற்றிப் பேச எனக்கு ஆள் கிடைக்காமல் போனதுதான் நோயைவிடப் பெரிய துன்பமாக இருந்தது என்பதால், அதே நாற்காலியில் அமர்ந்திருக்கும் வேறொருவருக்காவது இது துணையாக இருக்கட்டும்.

எனக்கு 61 வயது. கோவில்பட்டியில் வசிக்கிறேன். கிளை நூலகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு; அது முதலில் கண்ணின் விழித்திரையையும், பிறகு சிறுநீரகங்களையும் தின்றது. 2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், மூச்சு வாங்கி, முகம் வீங்கி, படுத்தால் உறங்க முடியாமல் உட்கார்ந்தே இரவைக் கழித்த நிலையில், டயாலிசிஸ் தொடங்கினார்கள். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம். ஆண்டுக்கு 156 முறை என்றால் 624 மணி நேரம். அதாவது இரவும் பகலுமாக 26 முழு நாட்கள் ஊசியோடு படுத்திருக்கிறேன். போக வர ஆகும் நேரமும், வந்து விழுந்து கிடக்கும் பிற்பகலும் இந்தக் கணக்கில் இல்லை. ஆனாலும் இயந்திரத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இரத்தத்திலிருந்து கழிவையும் மிகை நீரையும் பிரிப்பது, வாரத்தின் 168 மணி நேரமும் சிறுநீரகங்கள் ஓயாமல் செய்ய வேண்டிய ஒரு வேலை; அதைப் பன்னிரண்டு மணி நேரத்தில் செய்து முடிக்கச் சொல்கிறோம். உடல் தாங்காமல் போவது அதனால்தான்.

டயாலிசிஸ் என்றாலே பலரும் வலியைத்தான் நினைக்கிறார்கள். ஊசி வலி பழகிவிடும். முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உண்டாக்கிய ஃபிஸ்டுலாவில் கையை வைத்தால் உள்ளே விர்ரென்று இரத்தம் ஓடுவது தெரியும்; இரவில் அந்தக் கையைத் தலைக்கு அடியில் வைத்துவிட்டால் அதன் ஓசை காதுக்குள் கேட்கும். அதுவும் பழகிவிடும். பழகாதது தாகம். ஒரு நாளில் வெளியேறும் சிறுநீரின் அளவோடு 500 மில்லி சேர்த்து, அவ்வளவுதான் குடிக்கலாம் என்பது எனக்குச் சொல்லப்பட்ட கணக்கு. எனக்கு வெளியேறுவது ஒரு டம்ளர் அளவு, ஏறத்தாழ 200 மில்லி. ஆக, காப்பி, மோர், ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்து 700 மில்லி. காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைத்து, குடிக்கக் குடிக்க அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் எப்போது வரும் என்று குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்து வளர்ந்தவர்கள் நாங்கள். இன்று வீடு நிறையத் தண்ணீர் இருக்கிறது. கரிசல் காட்டுச் சித்திரை வெயிலில், நிறைகுடத்தின் பக்கத்தில் அமர்ந்துகொண்டு, ஒரு பனிக்கட்டியை நாக்கின் மேல் வைத்து அது கரையும் வரை கண்ணை மூடிக்கொண்டிருந்த மதியங்கள் எத்தனையோ.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. காயை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரை வடித்துவிட்டுத்தான் சமைக்க வேண்டும், இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, எங்கள் ஊர்க் கடலைமிட்டாய் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயம் திடீரென்று நின்றுவிடக்கூடும் என்பதால் இதில் பிடிவாதம் பிடிக்க இடமில்லை.

திண்ணையில் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் வீட்டுக்குள் என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். மறுநாள் காலையிலேயே என் அக்கா வந்துவிட்டாள். "வெள்ளியும் அதுவுமா வாயில நல்ல வார்த்தை வராதா ஒனக்கு?" என்று அழுதாள். எதிர் வீட்டுக்காரர் ஒரு சித்த மருத்துவரின் பெயரைச் சொன்னார். திருப்பூரில் இருக்கும் மகள் தொலைபேசியில், "அம்மா, எனக்காக இரும்மா" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. எல்லாமே அன்புதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் எல்லாருடைய அன்பும் சேர்ந்து என் வாயை அடைத்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் நான் எதைச் சொன்னாலும் அவர்கள் என் முகத்தைத்தான் பார்த்தார்கள், சொன்னதைக் கேட்கவில்லை. இதற்கு முன்பு ஒருமுறை, நான் சிகிச்சை பெற்ற ஓரிடத்தில், ஒரு மருத்துவரிடம் இதே கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தேன். "வர்றதுன்னா வாங்க, இல்லைன்னா விடுங்க. உங்க இடத்துக்கு ஆள் காத்துக்கிட்டு இருக்கு" என்றார். வேலைப்பளுவில் சொல்லியிருப்பார். ஆனாலும் அதைக் கேட்ட பிறகு, நிறுத்துவதைப் பற்றிப் பேசுவதே ஏதோ ஒழுங்கீனமான செயல் என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

டயாலிசிஸ் அறையிலும் அதைப் பற்றிப் பேச்சே எழாது. எனக்கு இடப்பக்கத்துக் கட்டிலில் சில மாதங்கள் ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். கால் விரல்களை எடுத்திருந்தார்கள், பார்வையும் இல்லை. இயந்திரத்தை மாட்டும்போது மட்டும் "முருகா" என்பார். ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. அவர் எங்கே என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. சிஸ்டர் விரிப்பை மாற்றினார். வேறொருவர் வந்து படுத்தார். அவர் வீட்டில் தம் மக்கள் சூழ நிம்மதியாகப் போனாரா, மூச்சுத் திணறி ஆம்புலன்சில் போனாரா, நிறுத்துவது அவருடைய முடிவா, அல்லது தூக்கிவர ஆளில்லாமல் நின்றதா என்பது எதுவும் எனக்குத் தெரியாது. அவரிடம் ஒரு நாளாவது பேசியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. வலப்பக்கத்தில் 26 வயது இளைஞர் ஒருவர் வருகிறார். அவருடைய தாயின் சிறுநீரகம் அவருக்குப் பொருந்தும் என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. அவருக்கு இந்த இயந்திரம் ஆற்றைக் கடக்கும் பாலம். நான் எழுதுவது அவருக்கானது அல்ல. அவர் ஒரு நாள்கூடத் தவறவிடக் கூடாது.

எனக்கு அக்கரை இல்லை. இதயத்தில் அடைப்புகள் இருப்பதாலும் அதன் இயக்கம் குறைந்துவிட்டதாலும் மாற்று அறுவைச் சிகிச்சையை என் உடல் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்பே, தன் சிறுநீரகத்தைக் கொடுப்பதாக மகள் சொன்னபோது நான் மறுத்திருந்தேன். அவளுக்கு இரண்டு சிறு குழந்தைகள். நம் நாட்டில் உயிரோடிருக்கும்போதே சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்ணான நான் பெறும் இடத்தில் இருந்தும் மகளிடமிருந்து வாங்க மனம் ஒப்பவில்லை. வயிற்றுக்குள் திரவம் செலுத்தி வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் பற்றியும் கேட்டேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆனால் பழைய அறுவைச் சிகிச்சைகளால் என் வயிற்றுக்குள் ஒட்டுதல்கள் இருப்பதால் அதுவும் ஆகாது என்றார்கள். ஆகவே என் முன் இருந்தவை இரண்டே: இதையே தொடர்வது, அல்லது இதை நிறுத்துவது.

படிப்பது என் தொழில் என்பதால், அந்த நாட்களில் கிடைத்ததையெல்லாம் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். நெடுங்கால டயாலிசிஸ் தொடங்கியது 1960ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில். ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் கையில் நிலையாக இருத்தி வைக்கக்கூடிய டெஃப்லான் குழாயை உருவாக்கினார். அதைப் பெற்ற முதல் நோயாளியான கிளைட் ஷீல்ட்ஸ் அதன் பிறகு பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார். இயந்திரங்கள் மிகச் சிலவே இருந்ததால், யாருக்கு அதைக் கொடுப்பது என்று தீர்மானிக்க அந்த ஊர்ப் பொதுமக்களில் சிலரைக் கொண்டு ஒரு குழுவே அமைத்திருந்தார்கள். தொழில் என்ன, எத்தனை பிள்ளைகள், ஊருக்கு என்ன பயன் என்றெல்லாம் பார்த்து அந்தக் குழு தேர்ந்தெடுத்ததாம். அதைப் படித்த இரவு எனக்கு உறக்கமில்லை. வாழ விரும்பி, அந்தக் குழுவால் மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேரோ! இன்று முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் எனக்கு அது கட்டணமின்றிக் கிடைக்கிறது. கிடைக்கிற ஒன்றை வேண்டாமென்பது நன்றிகெட்ட செயலாகுமா என்று பல நாள் என்னையே கேட்டுக்கொண்டேன்.

அதே வாரத்தில் வேறொன்றும் கண்ணில் பட்டது. அமெரிக்க முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவாறே டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைப் பற்றிய ஆய்வு ஒன்று 2009ஆம் ஆண்டில் வெளியாகியிருக்கிறது. ஓராண்டுக்குள் அவர்களில் 58 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். தொடங்குவதற்கு முன் தம் வேலைகளைத் தாமே எந்த அளவுக்குச் செய்துகொண்டிருந்தார்களோ அந்த நிலையிலேயே நீடித்தவர்கள் 13 விழுக்காட்டினர் மட்டுமே. நான் அவர்களைப் போல முற்றிலும் தளர்ந்தவள் அல்ல; எழுந்து நடக்கிறேன், சமைக்கிறேன். ஆனாலும் அந்த எண்களைப் படித்தபோது ஒரு சுமை இறங்கியது. சிகிச்சை என்றால் அது எல்லாருக்கும் எப்போதும் நன்மையே செய்யும், அதை வேண்டாமென்பவர் அறியாமையில் சொல்கிறார் என்று என்னைச் சுற்றி இருந்தவர்கள் எண்ணினார்கள் அல்லவா? அது அப்படியில்லை என்று மருத்துவ உலகமே அறிந்திருக்கிறது.

புரட்டாசி பிறப்பதற்கு முன், திருநெல்வேலியில் ஒரு சிறுநீரக மருத்துவரைப் பார்க்கப் போனோம். என் மகளைவிட வயதில் இளையவர். என் கணவர் அறைக்குள் வர மறுத்து வெளியே பெஞ்சில் அமர்ந்துகொண்டார். நான் நிறுத்த நினைப்பதைச் சொன்னேன். அவர் அதிரவும் இல்லை, அறிவுரை கூறவும் இல்லை. சிறிது நேரம் கழித்து, "டயாலிசிஸ் இல்லாத நாள்ல என்ன செய்வீங்கம்மா?" என்று கேட்டார்.

மூன்று ஆண்டுகளில் எந்த மருத்துவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. என் கைப்பையில் பதிவேடு இருந்தது. நூலகத்தில் புத்தகச் சேர்க்கைப் பதிவேடு எழுதிப் பழகிய கை என்பதால், முதல் நாளிலிருந்தே வரிசை எண் போட்டு, தேதி, வரும்போது எடை, போகும்போது எடை, இரத்த அழுத்தம் என்று கட்டம் கட்டி எழுதி வருகிறேன். கடைசிக் கட்டத்துக்குக் 'குறிப்பு' என்று தலைப்பு. அன்றைய நாளிலும் மறுநாளிலும் செய்தவற்றை அதில் ஓரிரு சொற்களில் எழுதுவேன். ஆவணி வியாழக்கிழமையின் வரிசை எண் 471. மருத்துவர் பக்கங்களைப் புரட்டினார். நானும் எதிர்ப்பக்கத்திலிருந்து தலைகீழாகப் படித்தேன். 2023ஆம் ஆண்டின் குறிப்புகளில், "நூலகம் வரை நடந்தேன்", "பேத்திக்குப் பாவாடை தைத்தேன்", "செண்பகவல்லியம்மன் கோயில்", "அக்கா வீட்டில் சாப்பாடு" என்றெல்லாம் இருந்தன. இந்த ஆண்டு சித்திரைக்குப் பிறகு பக்கம் பக்கமாக ஒரே சொல்: "படுத்திருந்தேன்". அதை எழுதியவள் நானே என்றாலும், அதுவரை அதை மொத்தமாகச் சேர்த்துப் படித்ததில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அவர் பதிவேட்டை மூடாமல் இன்னொரு கேள்வி கேட்டார். "சாகணும்னு இருக்கா, இல்ல, இப்படி இருக்க வேண்டாம்னு இருக்காம்மா?"

இரண்டாவதுதான் என்று என்னால் உடனே சொல்ல முடிந்தது. அதைச் சொல்ல ஓரிடம் கிடைத்ததுமே நெஞ்சில் ஏதோ தளர்ந்தது. பிறகு நான் கேட்டவற்றுக்கெல்லாம் அவர் மறைக்காமல் பதில் சொன்னார். நிறுத்தினால் என்ன நடக்கும்? பெரும்பாலோருக்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை; சிறுநீர் ஓரளவு போகிறவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகலாம். உறக்கம் மெல்ல மெல்லக் கூடும், பசி போய்விடும். அரிப்பும், குமட்டலும், மூச்சுத் திணறலும் வரலாம். அவற்றைத் தணிக்க மருந்துகள் உண்டு. சிறுநீரகம் செயலற்றவர்களுக்கு வழக்கமான மார்ஃபின் உடலில் தேங்கிவிடும் என்பதால் வேறு வலிமருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். வீட்டிலேயே வந்து பார்க்கும் வலி தணிப்புச் செவிலியரையும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். நிறுத்திய பிறகு மனம் மாறினால், உடல் இடம் கொடுக்கும் வரை, மீண்டும் வரலாம். யாரும் கதவை அடைக்க மாட்டார்கள். ஆர்ட் புக்வால்ட் என்ற அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டயாலிசிஸை நிறுத்திவிட்டு இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்துக்குப் போனவர், சிறுநீரகம் திரும்ப வேலை செய்ததால் 2007 ஜனவரி வரை வாழ்ந்தார் என்று என் அக்கா மகன் ஒரு செய்தியை அனுப்பியிருந்தான். அதையும் கேட்டேன். என் ஒரு டம்ளர் கணக்கைப் பார்த்துவிட்டு, "அதை நம்பி முடிவெடுக்காதீங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

இது தற்கொலை ஆகாதா என்ற கேள்வி என்னை வெகுநாள் உறுத்தியது. வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனைப் படித்தவள்தான் நான்; ஆனால் என் நிலை அதுவல்ல. உண்ணாமல் இருக்க எனக்கு விருப்பமில்லை, உண்ணத்தான் ஆசைப்படுகிறேன். உயிரைப் போக்கிக்கொள்வது வேறு, உடல் தானாக நின்றுபோகும் இடத்தில் அதைத் தடுத்துக்கொண்டிருக்கும் கருவியை வேண்டாமென்பது வேறு. இந்த வேறுபாட்டை நம் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கண்ணியமாக இறக்கும் உரிமை வாழும் உரிமையில் அடங்கும் என்று 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. எத்தகைய சிகிச்சைகள் வேண்டாம் என்பதை நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம் என்றும் சொன்னது. அப்போது அதில் மாஜிஸ்திரேட் கையொப்பம் வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெஜட்டட் அலுவலர் ஒருவரின் சான்றும் போதும் என்று மாற்றினார்கள்.

மருத்துவர் என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். "நிப்பாட்டுறது உங்க உரிமை. ஆனா, நீங்க நிப்பாட்ட நினைக்கிற காரணத்துல பாதி எங்களால சரி பண்ணக்கூடியது. மூணு மாசம் எங்களுக்குக் குடுங்க. அதுக்குப் பிறகும் இப்படித்தான் இருந்ததுன்னா, நானே உக்காந்து நிப்பாட்டுறதுக்கான ஏற்பாட்டைச் செய்றேன்." கார்த்திகை முடியும் வரை என்று நாள் குறித்தோம்.

என்ன செய்தார்கள் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இவற்றில் ஒன்றுகூடப் பெருஞ்செலவு பிடிப்பது அல்ல. என் ட்ரை வெயிட், அதாவது மிகை நீரையெல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை, 52 கிலோ. ஒவ்வொரு முறையும் உடலில் தேங்கிய நீரால் மூன்று கிலோவுக்குக் குறையாமல் எடை ஏறிப் போவேன். அதை நான்கு மணி நேரத்தில் எடுத்தால் மணிக்கு 750 மில்லி. உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் எடுப்பது இதயத்துக்கு நல்லதல்ல என்பது கணக்கு. என் எடைக்கு அது 676 மில்லிதான். ஆகவே நேரத்தை நாலரை மணியாக்கினார்கள். மேலும் அரை மணி நேரமா என்று முதலில் மலைத்தேன். இயந்திரத்தில் ஓடும் திரவத்தின் வெப்பத்தை 35.5 டிகிரிக்குக் குறைத்தார்கள். குளிர் உடம்புக்குள் ஏறும், சால்வை வேண்டும், ஆனால் இரத்த அழுத்தம் அவ்வளவு விழுவதில்லை. டயாலிசிஸ் நாட்களில் காலையில் போட்டுக்கொண்டிருந்த இரத்த அழுத்த மாத்திரையை இரவுக்கு மாற்றினார்கள். தாகத்துக்குக் காரணம் தண்ணீர் குறைவது அல்ல, உப்பு கூடுவதுதான் என்று விளக்கி, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்கள். தூத்துக்குடி உப்பளத்துப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அது எளிதல்ல. பத்து நாள் கஞ்சி மண்ணாகத்தான் இருந்தது, பிறகு நாக்கு தானாக ஒத்துக்கொண்டது. எடை ஏறுவது இரண்டரைக் கிலோவுக்கு இறங்கிற்று.

இன்னொன்று இட்லி. இரண்டாவது மணி நேரத்தில் என் கணவர் தூக்குவாளியில் நான்கு இட்லி கொண்டுவந்து, ஊசி குத்தாத கையைத் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பிட்டுக் கொடுப்பார். மூன்று ஆண்டுகளாக ஒரு நாளும் தவறியதில்லை. டயாலிசிஸ் நடக்கும்போது வயிறு நிறையச் சாப்பிட்டால் இரத்தம் வயிற்றுப் பக்கம் போய் அழுத்தம் விழும் என்று இப்போதுதான் சொன்னார்கள். அதைக் கேட்டபோது அவருடைய முகம் வாடியதை நான் மறக்க மாட்டேன். "நானாளா ஒன்னைய மயங்க வச்சேன்?" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். இப்போது எல்லாம் முடிந்து ஊசியை எடுத்துக் கட்டுப் போட்ட பிறகு, வராந்தாவில் வைத்து இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறோம்.

எந்தச் சிகிச்சைகள் வேண்டாம் என்று எழுதி வைக்கும் பத்திரத்தை நான்கு முறை திருத்தி எழுதினேன். செயற்கைச் சுவாசக் கருவி வேண்டாம். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்க வேண்டாம். பெற்ற மகளை அடையாளம் தெரியாத நிலைக்கோ, பிறர் தூக்கித்தான் புரட்டிப் போட வேண்டும் என்ற நிலைக்கோ வந்து, அது மாறாது என்று மருத்துவர்கள் உறுதி செய்தால் டயாலிசிஸை நிறுத்திவிட வேண்டும். வீட்டில்தான் இருக்க வேண்டும். இவ்வளவும் எழுத எளிதாகவே வந்தன. எனக்காக முடிவெடுக்கும் பொறுப்பை யாருக்குக் கொடுப்பது என்ற இடத்தில்தான் கை நின்றது. முப்பத்தேழு ஆண்டுகள் கூட வாழ்ந்தவரை விட்டுவிட்டு மகளின் பெயரை எழுதினேன். அவரால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். சொன்னாலும், அதற்குப் பிறகு அவரால் வாழ முடியாது. மகள் படித்துப் பார்த்துவிட்டு, "நான் இருன்னு சொன்னது தப்பாம்மா?" என்று கேட்டாள். தப்பில்லை என்றேன். அவள் இரு என்று சொன்னதால்தான் இந்த மூன்று மாதத்துக்கு நான் ஒத்துக்கொண்டேன். அதே அவள்தான் ஒரு நாள் போகலாம் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டையும் அவளால் சொல்ல முடியும் என்று நம்புகிறேன்.

என் கணவர் பதினைந்து நாள் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் இரவு, விளக்கை அணைத்த பிறகு, "நீ இல்லாம இந்த வீட்ல நான் என்ன செய்ய?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மூன்று ஆண்டுகளாக, முழங்கால் தேய்ந்த அந்த மனிதர் என்னை டி.வி.எஸ். வண்டியில் அழைத்துச் செல்வதைப் பார்த்து, அவருக்குப் பாரமாக இருக்கிறேனே என்ற எண்ணத்தையும் நிறுத்துவதற்கான காரணங்களில் ஒன்றாக நான் மனத்துக்குள் சேர்த்து வைத்திருந்தேன். அதை அவரிடம் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்தக் காரணத்தை அன்றே கழித்திருப்பேன்.

இன்று கார்த்திகை இரண்டாம் வாரம். மயக்கம் இந்த இரண்டு மாதங்களில் இரண்டு முறைதான் வந்தது. கால் முறுக்குவது முற்றாக நிற்கவில்லை. சோர்வு நான் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. அது குறையாது என்றுதான் நினைக்கிறேன். பதிவேட்டில் "படுத்திருந்தேன்" இன்னும் இருக்கிறது. ஆனால் ஐப்பசியில் ஐந்து நாள் நூலகம் வரை நடந்து போய்ச் செய்தித்தாள் படித்திருக்கிறேன். தீபாவளிக்கு வந்த பேத்தி என் கையில் காதை வைத்து, உள்ளே மோட்டார் ஓடுகிறது என்றாள். நிறுத்தலாம் என்று வாய்விட்டுச் சொல்லவும், அதைக் கேட்டுக்கொள்ளவும் ஆள் கிடைத்த பிறகு, செவ்வாய்க்கிழமை காலைகளில் படுக்கையிலிருந்து எழுவது முன்பு இருந்த அளவுக்குக் கடினமாக இல்லை. போக வேண்டுமே என்று முன்பு போனேன். இப்போது, இன்றைக்குப் போவோம் என்று போகிறேன். இந்த மனநிலை எத்தனை நாள் நீடிக்கும் என்று என்னால் உறுதி கூற முடியாது. அடுத்த கோடையில் இதே கேள்விக்கு வேறு பதில் வரலாம். வந்தால் அதையும் சொல்லுவேன்.

மார்கழி முதல் வாரம் திருநெல்வேலி மருத்துவரைப் பார்க்க வேண்டும். பதிவேட்டை எடுத்து வைத்துவிட்டேன். இந்த முறை தாமும் அறைக்குள் வருவதாக என் கணவர் சொல்லியிருக்கிறார்.